பாகமும் பாகையும்

பெட்ரோல் எஞ்சினின் உருளைக்குள் அழுத்தப்பட்டுக் கிடக்கும் காற்று–எரிபொருள் கலவையை எந்தக் கணத்தில் பற்றவைப்பது என்பது, அந்த எஞ்சினின் இழுவிசை, எரிபொருள் செலவு, ஆயுள் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தீர்மானிக்கும் கேள்வியாகும். கலவை முழுவதும் எரிந்து முடியச் சிறிது நேரம் தேவைப்படுவதால், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே தீப்பொறி விழுந்தாக வேண்டும். எஞ்சினின் வேகம் கூடக்கூட அந்த அவகாசம் சுருங்குவதால், தீப்பொறியும் மேலும் மேலும் முன்னால் நகர வேண்டும். இந்த முன்நகர்வைத்தான் மெக்கானிக்குகள் ‘அட்வான்ஸ்’ என்கிறார்கள். இது பாகைக் கணக்கில் அளக்கப்படுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது கிராங்க் தண்டு ஒரு பாகை திரும்புவதற்கு ஏறத்தாழ 56 மைக்ரோ நொடிகளே பிடிக்கின்றன. எட்டு உருளை எஞ்சினாக இருந்தால் அதே வேகத்தில் ஐந்து மில்லி நொடிக்கு ஒரு தீப்பொறி விழ வேண்டும்.

இந்தக் காலக்கணக்கை மின்னணுவியலின் துணையே இல்லாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் கவனித்துக்கொண்ட கருவி டிஸ்ட்ரிபியூட்டர். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்கல எரியூட்டல் முறை 1910களின் தொடக்கத்தில் காடிலாக் கார்களில் இடம்பெற்ற பிறகு, அதன் அடிப்படை அமைப்பு 1970கள் வரை பெரிதாக மாறவில்லை. கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழலும் ஒரு தண்டு, அதன் மேல் உருளைக்கொரு முகடு என்ற கணக்கில் கடைந்த கேம், முகடு வந்து தள்ளும்போதெல்லாம் திறந்துகொள்ளும் ‘பாயிண்ட்’ என்ற தொடுமுனைகள், அவை திறக்கும் கணத்தில் காந்தப்புலம் சரிந்து இருபதாயிரம் வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கும் காயில், தொடுமுனைகள் கருகாமல் காக்கும் கண்டென்சர் என்பவையே அதன் முதன்மை உறுப்புகள். வேகத்துக்கேற்ப அட்வான்ஸைக் கூட்ட, சுழற்சியில் வெளியே விரியும் இரண்டு எடைகளும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளும் இருந்தன. பாரத்துக்கேற்பக் கூட்ட, எஞ்சினின் உறிஞ்சுகுழாயில் உண்டாகும் வெற்றிடத்தால் இழுக்கப்படும் ஒரு டயாஃப்ரம் இருந்தது. ஆக, தேயக்கூடிய, தளரக்கூடிய, கிழியக்கூடிய உறுப்புகளே ஒரு மில்லி நொடியின் சிறு பங்கைக் காத்து வந்தன. அவற்றைச் சோதிக்கத் தனி இயந்திரம் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

சிகாகோவின் சன் எலெக்ட்ரிக், மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவின் ஆலன் எலெக்ட்ரிக் முதலிய நிறுவனங்கள் உருவாக்கிய டிஸ்ட்ரிபியூட்டர் சோதனை இயந்திரங்கள், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரிய பட்டறைகளின் பெருமையாக விளங்கின. எஞ்சினிலிருந்து கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரை இயந்திரத்தின் பிடியில் பொருத்தி, வேகத்தை விரும்பியபடி மாற்றக்கூடிய மோட்டாரால் சுழற்றினால், அதே தண்டோடு இணைந்து ஒரு வட்டும் சுழலும். தொடுமுனைகள் திறக்கும் ஒவ்வொரு கணத்திலும் ஒரு நியான் விளக்கு மின்னி, அந்த வட்டில் உள்ள அம்புக்குறியை ஒளிர வைக்கும். கண் அந்தக் கணங்களை மட்டுமே பார்ப்பதால், நான்கு முகடுள்ள கேமுக்கு நான்கு அம்புகள், எட்டு முகடுக்கு எட்டு அம்புகள், சுற்றிலும் பொருத்திய 360 பாகை வளையத்தின் எதிரே அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். இதுவே ஸ்ட்ரோபோஸ்கோப் கோட்பாடு. சுழலும் ஒன்றை விட்டுவிட்டுப் பார்த்து நிற்க வைக்கும் இந்த உத்தியை 1832ஆம் ஆண்டிலேயே பெல்ஜியத்தின் பிளாட்டோவும் ஆஸ்திரியாவின் ஸ்டாம்ஃபரும் தனித்தனியே செய்து காட்டியிருந்தனர். அம்புகளுக்கு இடையிலான தொலைவு சமமாக இல்லாவிட்டால் கேமோ தண்டின் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. வேகம் கூடும்போது அம்புகள் ஒருசேர நகரும் அளவுதான் அட்வான்ஸ்.

கிரைஸ்லர் 1973ஆம் ஆண்டு மாடல்களிலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1975ஆம் ஆண்டு மாடல்களிலும் தொடுமுனை இல்லாத மின்னணு எரியூட்டலைப் பரவலாக்கிய பிறகு, பாயிண்ட் கால இயந்திரங்கள் மெல்லப் பட்டறையின் மூலைக்கு ஒதுங்கின. சன் எலெக்ட்ரிக் நிறுவனத்தையே 1992இல் ஸ்னாப்-ஆன் வாங்கிக்கொண்டது. ஆனால் பழைய கார்கள் மறையவில்லை. அவற்றைப் பேணுவோருக்கு டிஸ்ட்ரிபியூட்டரைச் சீராக்கும் தேவை இன்றும் இருப்பதால், சோதனை இயந்திரங்களும் மீண்டும் வெளியே இழுக்கப்படுகின்றன. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடர் முதலிய இந்தியக் கார்களின் டிஸ்ட்ரிபியூட்டர்களும், 1961இல் தொடங்கப்பட்டுச் சென்னையின் பாடியில் அவற்றைச் செய்து வந்த லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தின் தயாரிப்புகள் உட்பட, இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. இயந்திரம் வெளியே வந்ததும் எழும் முதல் சிக்கல் உதிரிபாகம். வாங்கக் கிடைக்காத பாகத்தைச் செய்துதான் ஆக வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரின் பாகம் ஒன்று தவறாகச் செய்யப்பட்டால் கார் ஓடாது, அல்லது சத்தமிடும். தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். அளவைக் கருவியின் பாகம் தவறாகச் செய்யப்பட்டால் கருவி பெரும்பாலும் அழகாகவே ஓடும். தன் குறையைத் தன் முன் வைக்கப்பட்ட பொருளின் குறையாகக் காட்டும். நல்ல டிஸ்ட்ரிபியூட்டர் தேய்ந்ததாகத் தெரியும். அதைவிட மோசமாக, தேய்ந்தது நல்லதாகத் தெரியும். எனவே இந்த வேலையில் ஒரு பாகம் பொருந்துகிறதா என்பது பாதிக் கேள்விதான்.

முதலில், செய்ய வேண்டியதன் அளவு எங்கிருந்து கிடைக்கும்? வரைபடங்கள் அரிது, கையில் இருப்பது பழுதடைந்த பாகமே. தேய்ந்த உலோகம் தன் பிறந்த அளவைவிடச் சிறுத்திருக்கும் என்பது எளிதில் புரிவது. ஆகையால் எதுவும் உராயாத இடத்தை, அதாவது தண்டின் பேரிங்குக்கு அப்பாலுள்ள நுனியையோ துளையின் ஆழத்திலுள்ள ஓரத்தையோ தேடி அளக்க வேண்டும். அமெரிக்க வடிவமைப்பாளர் அங்குலத்தின் பின்னங்களில் சிந்தித்தவர் என்பதால், 12.66 மில்லிமீட்டர் என்று அளவுகோல் காட்டுவது, பிறக்கும்போது 12.70 மில்லிமீட்டராக, அதாவது சரியாக அரை அங்குலமாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது பெரும்பாலும் சரியாகவே அமையும். பற்சக்கரத்துக்கும் இதே வழிதான். பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அங்குலத்தில் அளந்த வெளி விட்டத்தால் வகுத்தால், ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்ற அளவு கிடைக்கும். 30 பற்களும் 1.333 அங்குல விட்டமும் இருந்தால் விடை 24. விடை முழு எண்ணாக வராமல் 25.4 என்பதுபோல் நின்றால், சக்கரம் மெட்ரிக் முறைப்படி வெட்டப்பட்டதா என்று சந்தேகிக்கத் தொடங்கலாம். பிரிட்டிஷ் இயந்திரங்களில் மரைகளும் சேர்ந்து குழப்பும்: 55 பாகைக் கோணமுள்ள விட்வொர்த் மரை, 47.5 பாகைக் கோணமுள்ள பி.ஏ. மரை, 60 பாகைக் கோணமுள்ள அமெரிக்க மரை ஆகிய மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்று நுழைந்து, பிறகே இறுகி மரையைக் கெடுக்கும்.

தேய்மானத்துக்கு நேரெதிரான ஒரு பொறியும் உண்டு. இந்த இயந்திரங்களில் சிறு கைப்பிடிகளும் தாங்கிகளும் கியர் பெட்டிகளின் மூடிகளும் துத்தநாகக் கலவையை அச்சில் அழுத்தி வார்த்துச் செய்யப்பட்டவை. துத்தநாகத்தில் ஈயம், காட்மியம், வெள்ளீயம் போன்றவை மிகச் சிறிய அளவில் கலந்திருந்தாலும், ஈரக்காற்றில் நாளடைவில் உலோகப் படிகங்களின் எல்லைகள் வழியே அரிப்பு ஊடுருவி, பாகம் உள்ளிருந்தே உப்பி வெடிக்கும். மிகத் தூய துத்தநாகத்தால் ஆன கலவைகளை 1929இல் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் அறிமுகப்படுத்தியது இந்நோய்க்கு மருந்தாகத்தான். ஆயினும் பழைய வார்ப்புகளிலும், கவனமின்றி உருக்கிய பிற்கால வார்ப்புகளிலும் நோய் எஞ்சியிருக்கிறது. இப்படி உப்பிய பாகத்தை அளந்து அதன்படியே புதியது செய்தால், பாகம் அசலைவிடப் பெரிதாகும். நகலெடுப்பவர் ஒரே இயந்திரத்தில் ஒரு பாகத்தின் அளவைக் கூட்டியும் இன்னொன்றின் அளவைக் குறைத்தும் படிக்க வேண்டிய நிலை இது.

ரப்பர் பாகங்களின் கதை இதைவிடச் சுவையானது. மோட்டாரின் வேகத்தை மாற்றிக் கடத்த, பல இயந்திரங்களில் ரப்பர் விளிம்புள்ள உராய்வுச் சக்கரமோ பட்டையோ பயன்பட்டது. டிஸ்ட்ரிபியூட்டரின் டயாஃப்ரத்தை இழுத்துச் சோதிக்கும் வெற்றிடப் பம்பிலும் அதன் குழாய்களிலும் ரப்பர் இருந்தது. காலத்தால் ரப்பர் இறுகிப்போவது எங்கும் நடப்பதுதான் என்றாலும், எரியூட்டல் சோதனை இயந்திரத்தில் அது வேகமாக நடப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. தீப்பொறி தாண்டும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிளந்து, மூன்று அணுக்கள் கூடிய ஓசோனாக மாறுகின்றன. மின்பொறி பறக்கும் பட்டறையில் மூக்கைத் துளைக்கும் அந்தக் கூர்மையான நெடி இதனுடையதே. இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஓசோன் சரியாக அவற்றைத் தேடி வெட்டும். அதுவும் சும்மா கிடக்கும் ரப்பரைவிட இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரில்தான் வெடிப்பு விழும். வெடிப்புகள் இழுவிசைக்குக் குறுக்காக வரிசையாக அமையும். ஆக, சோதனை இயந்திரம் தான் பிறப்பிக்கும் வாயுவாலேயே தன் பட்டைகளையும் டயாஃப்ரங்களையும் அறுத்துக்கொள்கிறது. அசலில் இயற்கை ரப்பர் இருந்தது என்பதற்காக மறுபடியும் அதையே பொருத்துவது, வரலாற்றுக்கு உண்மையாக இருக்கலாம், இயந்திரத்துக்கு நன்மையாகாது.

எனினும் மாற்றுப் பொருளைத் தேர்வதும் அவ்வளவு எளிதன்று. முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லாத ஈ.பி.டி.எம். ரப்பரும் சிலிக்கோனும் ஓசோனைப் பொருட்படுத்தா, ஆனால் ஈ.பி.டி.எம். எண்ணெய் பட்டால் ஊதிவிடும். எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஓசோனுக்குத் தோற்கும். எண்ணெய் ஆவியும் ஓசோனும் ஒருங்கே நடமாடும் வெற்றிடப் பம்பின் டயாஃப்ரத்துக்கு, இரண்டையும் தாங்கும் ஃபுளோரோகார்பன் ரப்பரை, துணி உள்ளமைந்த தகடாக வாங்கி வெட்டிக்கொள்வதே பாதுகாப்பானது. உராய்வுச் சக்கரத்துக்கு வேறு கணக்கு. இரு கூறுகளைக் கலந்து ஊற்றும் பாலியூரித்தேனை, அசல் சக்கரத்தைப் பதித்தெடுத்த சிலிக்கோன் அச்சில் வார்த்து, பிறகு அதன் சொந்த அச்சுத்தண்டிலேயே ஏற்றி லேத்தில் வட்டமாகக் கடைந்துகொள்கிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது ‘ஷோர் ஏ’ என்ற அளவில் குறிக்கப்படும் கடினத்தன்மை. மிக மென்மையாக வார்த்துவிட்டால், இயந்திரம் நின்றுகிடக்கும் நாட்களில் சக்கரம் அழுந்திய இடத்தில் தட்டையாகி, அந்தத் தட்டை மீண்டும் எழாமல் போய்விடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் வேகம் சற்றே துள்ளும்; வேகமானியின் முள் நடுங்கும்; அட்வான்ஸ் செங்குத்தாக ஏறும் வேகப்பகுதியில் அம்புகள் அனைத்தும் ஒன்றாக முன்னும் பின்னும் அலையும். அதைப் பார்ப்பவர் டிஸ்ட்ரிபியூட்டரின் எடைகள் ஒட்டிக்கொள்கின்றன என்றோ ஸ்பிரிங் தளர்ந்தது என்றோ முடிவுகட்டி, குற்றமற்ற ஸ்பிரிங்கை மாற்றத் தொடங்குவார்.

முப்பரிமாண அச்சு வந்த பிறகு, எந்த உதிரிபாகத்தையும் வீட்டு மேசையிலேயே அச்சிட்டுவிடலாம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. திருகுகுமிழ்களுக்கும் மூடிகளுக்கும் அந்த எண்ணம் சரிதான், பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும் என்பதை நினைவில் வைத்து, மின்சுற்றில் ‘வால்வு’ எனப்படும் வெற்றிடக் குழல்களின் சூட்டுக்கு அருகில் மட்டும் அதைத் தவிர்த்தால் போதும். உயர் மின்னழுத்தம் உள்ள இடத்தில்தான் அந்த எண்ணம் பொய்த்துப்போகிறது. காயிலைச் சோதிக்கும் தீப்பொறி இடைவெளியின் தாங்கிகள், உயர் அழுத்தக் கம்பி நுழையும் குழல்கள் ஆகியவை அசலில் பேக்கலைட் போன்ற பினாலிக் பிளாஸ்டிக்கால் ஆனவை. லியோ பேக்லண்ட் 1907இல் உருவாக்கிய அந்தப் பொருளுக்கும் ஒரு குறை உண்டு. அதன் மேற்பரப்பில் அழுக்கு வழியே ஒருமுறை மின்பொறி ஓடினால் அந்தப் பாதை கருகிக் கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அடுத்த பொறி அதே தடத்தில் இன்னும் எளிதாக ஓடுகிறது. இவ்வாறு கருந்தடம் விழுந்த தாங்கியை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் எதைக் கொண்டு?

அடுக்கடுக்காக இழையை உருக்கி அச்சிட்ட பிளாஸ்டிக்கின் உள்ளே, அடுக்குகளுக்கு நடுவில், கண்ணுக்குத் தெரியாத காற்றுப் பைகள் தங்கிவிடுகின்றன. ஐந்து மில்லிமீட்டர் தடிமனின் இரு புறமும் 20,000 வோல்ட் இருந்தால், பிளாஸ்டிக்குக்குள் மின்புலம் மில்லிமீட்டருக்கு 4,000 வோல்ட். ஒரு பொருள் தனக்குள் மின்புலத்தை எவ்வளவு தளர்த்துகிறது என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு ஒப்புமை விடுதிறன் என்று பெயர். காற்றுக்கு இது ஒன்று, இத்தகைய பிளாஸ்டிக்குகளுக்கு ஏறத்தாழ மூன்று. புலத்துக்குக் குறுக்கே கிடக்கும் மெல்லிய காற்றுப் பையில் அந்தத் தளர்வு இல்லாததால், அங்கே புலம் மூன்று மடங்காகி, மில்லிமீட்டருக்கு 12,000 வோல்ட்டாக உயர்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள பையின் குறுக்கே இது 1,200 வோல்ட். அவ்வளவு சிறிய காற்றிடைவெளி தாங்கக்கூடியதோ சுமார் 1,000 வோல்ட். எனவே திடமாகத் தோன்றும் பாகத்துக்குள் ஒவ்வொரு துடிப்பிலும் நுண்பொறிகள் பறந்து, பையின் சுவரை அரித்து, ஒருநாள் குறுக்கே வழி போட்டுவிடும். அச்சிட்ட தாங்கி முதல் நாள் சோதனையில் தேறிவிடுவதும் சில வாரங்களில் தோற்பதும் இதனால்தான். கருநிற இழைகளில் நிறமாகக் கரித்தூளே சேர்க்கப்படுவதும் உண்டு என்பதால் நிறத்தையும் கவனிக்க வேண்டும். இத்தகைய இடங்களுக்கு டெஃப்லான் போன்ற திடமான தண்டிலிருந்து கடைந்தெடுப்பதோ, எப்பாக்சிப் பிசினை வெற்றிடத்தில் வைத்துக் குமிழ்களை வெளியேற்றிய பிறகு அச்சில் ஊற்றுவதோதான் ஏற்றது. பினாலிக் தண்டையே மீண்டும் கடைபவர்கள், மேற்பரப்பின் நீளத்தைக் கூட்டச் சில பள்ளங்களை வெட்டிவிடுகிறார்கள். அசலில் இல்லாத பள்ளம்தான் என்றாலும், அது நியாயமான மீறல்.

பாகை வளையத்தை நகலெடுப்பதைப் போல எளிதாகத் தோன்றி ஏமாற்றும் வேலை வேறில்லை. மங்கிப்போன வளையத்தை வருடிப் படமெடுத்து, கணினியில் சுத்தம் செய்து, லேசர் அச்சுப்பொறியில் எடுத்து ஒட்டிவிட்டால் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 785 மில்லிமீட்டர். ஒரு பாகைக்குக் கிடைப்பது 2.2 மில்லிமீட்டர் அளவே. அச்சுப்பொறியின் சூட்டு உருளைகளில் காகிதம் ஈரத்தை இழந்து சுருங்குகிறது. நார்களின் போக்கில் குறைவாகவும் அதற்குக் குறுக்கே அதிகமாகவும் சுருங்குவதால், வட்டம் மெல்லிய நீள்வட்டமாகிறது. இரு திசைகளுக்கும் இடையே அரை விழுக்காடு வேறுபாடு இருந்தால்கூட, சில இடங்களில் கோணம் 0.14 பாகை பிசகும். அதைவிடப் பெரிய தவறு ஒட்டும்போது நேர்வது. வளையத்தின் மையம் சுழலும் தண்டின் மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினால், பிழை 0.5 வகுத்தல் 125 ரேடியன், அதாவது 0.23 பாகை, டிஸ்ட்ரிபியூட்டரின் ஒரு பாகை கிராங்க் தண்டுக்கு இரண்டு பாகை என்பதால் எஞ்சினின் கணக்கில் இது இரட்டிக்கிறது. ஆகவே தேர்ந்தவர்கள் ஒளியுணர் பூச்சு பூசிய பித்தளைத் தகட்டில் வளையத்தைப் பதித்து, ஃபெரிக் குளோரைடால் அரித்து, பள்ளங்களில் வண்ணம் நிரப்புகிறார்கள். ஒட்டும் முன் தண்டோடு சுழலும் ஒரு முள்ளை வைத்து மையத்தைச் சரிபார்க்கிறார்கள்.

இயந்திரத்தின் தண்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பிலும் இதே வகைக் கள்ளத்தனம் உண்டு. இரு தண்டுகளும் சரியாக ஒரே கோட்டில் அமையாதபோது, ஒற்றை ‘யுனிவர்சல் ஜாயிண்ட்’ கொண்டு இணைப்பது கைக்கு வந்த தீர்வு. ஆனால் அந்த இணைப்பு வளைந்த நிலையில் சீரான சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. ஒரு சுற்றில் இரண்டு முறை முந்தியும் இரண்டு முறை பிந்தியும் ஓடுகிறது. வளைவு 5 பாகையானால் பிசகு 0.11 பாகை, 10 பாகையானால் நான்கு மடங்காகி 0.44 பாகை. நான்கு முகடுள்ள கேமில் இது ஒன்றுவிட்டு ஒரு அம்பை முன்னாலும் பின்னாலும் தள்ளி, அசலான கேம் தேய்மானம் போலவே காட்சியளிக்கும். இரண்டு இணைப்புகளை உரிய கோணப்பாங்கில் தொடுத்தால் ஒன்றின் பிசகை மற்றொன்று ஈடுசெய்யும். அதைவிட எளிது, தாங்கியை நேராகக் கடைந்து வளைவையே ஒழிப்பது.

மின் பகுதியில் செய்ய வேண்டியவை ஓரளவு நன்கறிந்தவை. மெழுகுக் காகித மின்தேக்கிகள் ஈரம் உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடும். அவற்றின் பழைய குழாய்க்குள்ளேயே புதிய பிளாஸ்டிக் படல மின்தேக்கியை அடைத்துவிடலாம். எண்ணெய் நிறைந்த பழைய மின்தேக்கிகளில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும் என்பதால் அவற்றை வெட்டித் திறக்கக் கூடாது. மாறுதிசை மின்னோட்டத்தை ஒருதிசையாக்கும் செலினியத் தகட்டு அடுக்குகளுக்குப் பதிலாகச் சிலிக்கன் டையோடு வைக்கும்போது மட்டும் ஒரு நுணுக்கம் குறுக்கிடுகிறது: செலினியத்தில் தகட்டுக்கு ஒரு வோல்ட் அளவில் இழப்பு இருந்தது, சிலிக்கனில் மொத்தமே 0.7 வோல்ட்தான். தொடரில் ஒரு மின்தடையைச் சேர்க்காவிட்டால் மிகையான மின்னழுத்தம் பின்னால் உள்ள அளவிகளைச் சென்று சேரும்.

நியான் குழல் அப்படியன்று. முனைகளின் உலோகம் சிதறிப் படிந்து கண்ணாடி கறுத்த குழலுக்குப் பதிலாக, இன்று கைக்குக் கிடைப்பது எல்.இ.டி. விளக்கும் அதை மினுக்கும் சிறு மின்சுற்றும். டிஸ்ட்ரிபியூட்டர் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது ஒரு பாகைக்கு 83 மைக்ரோ நொடி. மின்னல் 100 மைக்ரோ நொடி நீடித்தால் அம்பு ஒரு பாகைக்கு மேல் இழுபட்டுத் தெரியும் என்பதால், துடிப்பை 20 மைக்ரோ நொடிக்குள் அடக்க வேண்டும். இழுபடுவது கண்ணுக்குத் தெரிகிற குற்றம். தாமதம் தெரியாத குற்றம். தொடுமுனை திறந்து 40 மைக்ரோ நொடி கழித்து எப்போதும் ஒரே சீராக விளக்கு மின்னுவதாகக் கொண்டால், அம்பு கூர்மையாகவே நிற்கும். ஆனால் 500 சுற்றில் 0.12 பாகையும் 2000 சுற்றில் 0.48 பாகையும் பின்தங்கி நிற்கும். வேகத்தோடு வளரும் இந்தப் பின்னடைவு அட்வான்ஸ் கணக்கிலிருந்து கழிந்து, சரியான எடைகளையும் ஸ்பிரிங்குகளையும் மந்தமானவையாகக் காட்டும்.

செய்து பொருத்திய பிறகு, வேகமானியைச் சரிபார்க்க வீட்டு மின்சாரமே போதும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னுவதால், ஆறு கோடுகள் வரைந்த வட்டு நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும்போது அசையாமல் நிற்கும்; 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்காவில் அதே வட்டு நிற்பது 1200 சுற்றில். 2000 சுற்றிலும் அது நிற்கும் என்பதால் வேகத்தைத் தோராயமாகவாவது முன்பே அறிந்திருக்க வேண்டும். இந்திய மின்கட்டமைப்பின் அதிர்வெண் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வரம்புக்குள் ஆயிரம் சுற்றுக்கு வரும் பிழை இரண்டு சுற்றைத் தாண்டாது.

கோணத்தைச் சரிபார்ப்பதற்கு வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டி, ஒவ்வொரு முகடுக்குமான அம்பின் இடத்தைக் குறித்துக்கொண்டு, பிடியைத் தளர்த்தி, தண்டை அரைச் சுற்று திருப்பி மீண்டும் பிடித்து ஓட்ட வேண்டும். பிசகு முகடோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் கேமுடையது. வளையத்தின் அதே இடத்தில் தங்கிவிட்டால் குற்றம் இயந்திரத்துடையது. மையம் விலகிய வளையம் இந்தச் சோதனையில் உடனே அகப்படும். ஆனால் வளைந்த இணைப்பும் நீள்வட்டமாகிய காகிதமும் ஒரு சுற்றில் இருமுறை ஒரே வகையாகப் பிசகுவதால், அரைச் சுற்றுத் திருப்பலுக்கு அவை அகப்படா. நான்கு முகடுள்ள கேமாயின் தண்டைக் கால் சுற்று மட்டும் திருப்பி, மூன்றாம் முறையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.